பென்குவின் என்னும் ஒரு சொல்



சில திங்களுக்கு முன், தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவைப் பற்றிய குறிப்பொன்று மொழிபெயர்ப்புக்காக நம் மேசைக்கு வந்தது. நான்கு பக்கங்களே கொண்ட குறிப்பு. அதில் மூன்று பறவைகளின் பெயர்கள் மாறி மாறி வந்தன. மூன்றும் பென்குவின் குலத்தைச் சேர்ந்தவை. தமிழில் படிப்போர்க்கு அயற்பெயர்களின் சுமை வேண்டா எனக் கருதி, மூன்றுக்கும் ஈடாகப் 'பென்குவின்' என்னும் ஒரே சொல்லை இட்டு வேலையை முடித்தோம். பின்னர், வழக்கம்போல் மூலத்தோடு ஒப்புநோக்கிய வேளையில் நம் தவறு புலப்பட்டது. கூடு என்பதையே அறியாமல், முட்டையைத் தன் பாதங்களின்மீது ஏந்திக் காக்கும் ஒரு பறவைக்கு, நாம் நம் தமிழில் கூழாங்கற்களால் கூடு கட்டிக் கொடுத்திருந்தோம்!

தவறைத் திருத்தினோம். ஆயினும் அது நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ஓர் அனுபவம் உண்டு. தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி ஆகிய நால்வரையும் 'மதராசி' என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிடுவோரை நாம் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் சந்தித்திருக்கிறோம். அப்போதெல்லாம் நாம் புன்னகையோடு விளக்கம் சொல்லியிருக்கிறோம்; சில வேளை சலித்தும் கொண்டிருக்கிறோம். அத்தகைய நாமே பென்குவின்களுக்கு அதே அநீதியை இழைக்கலாமா? எனவே, அப்பறவைகளுள் எது எது எவ்வாறு வேறுபடுகிறது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து சற்று ஆராய விரும்புகிறோம்.

முதலில் அந்தச் சொல்லின் வரலாற்றைக் காண்போம். 'பென்குவின்' என்பது இன்று நாம் அறிந்த பறவைக்கு முதன்முதல் இடப்பட்ட பெயர் அன்று. வட அட்லாண்டிக் கடலின் தீவுகளில் பெரிய ஆக் என்றொரு பறவை வாழ்ந்து வந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு, நிமிர்ந்து நிற்கும், பறக்க மாட்டாது. ஐரோப்பிய மாலுமிகள் அதையே பென்குவின் என்று அழைத்தனர். பிற்காலத்தில் தென்கடல்களுக்குச் சென்றவர்கள் அங்கும் அதே தோற்றமுள்ள பறவைகளைக் கண்டு, பழைய பெயரையே அவற்றுக்கும் சூட்டிவிட்டனர். உண்மையில் இரண்டுக்கும் உறவு இல்லை. தென்கடற் பென்குவின்களுக்கு நெருங்கிய உறவினர் நெடுந்தொலைவு பறக்கும் அல்பட்ராஸ் முதலிய பறவைகளே. பெயரை இரவல் கொடுத்த பெரிய ஆக் இன்று உலகில் இல்லை. இறைச்சிக்காகவும் எண்ணெய்க்காகவும் இறகுக்காகவும் மனிதன் அதை வேட்டையாடித் தீர்த்தான். உறுதியாக அறியப்பட்ட கடைசி இணை, 1844-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே என்னும் பாறைத்தீவில் கொல்லப்பட்டது. பெயருக்கு உரிய பறவை மறைந்தது. பெயர் மட்டும் தெற்கே வாழ்கிறது. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். இறுதியில் இதற்குத் திரும்பி வருவோம்.

இன்று உலகில் உள்ள பென்குவின் இனங்கள் பதினெட்டு எனப் பெரும்பாலோர் கணக்கிடுகின்றனர். ஒன்றிரண்டு கூட்டியும் குறைத்தும் சொல்வோரும் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான இலக்கணங்கள் சில உள. பிற பறவைகளின் எலும்பு உள்ளே துளையுடையதாய் இலேசாக இருக்கும். பென்குவினின் எலும்போ கெட்டியானது. மூழ்கும் தொழிலுக்குக் கனம் உதவுகிறது. சிறகு துடுப்பாக மாறிவிட்டது. கறுப்பு வெளுப்பு உடையும் அழகுக்காக அமைந்தது அன்று. மேலிருந்து நோக்குவோர்க்குக் கறுத்த முதுகு இருண்ட கடலோடு கலந்துவிடும். கீழிருந்து நோக்கும் கடல்நாய்க்கு வெண்ணிற வயிறு ஒளிமிக்க நீர்ப்பரப்போடு ஒன்றிவிடும். ஆக, உடை எல்லோருக்கும் ஒன்றே. உடைக்குள் இருக்கும் வாழ்க்கைதான் வேறு வேறு.

உருவத்தில் தொடங்குவோம். யாவற்றினும் பெரியது பேரரசப் பென்குவின். ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம். எடை 40 கிலோவைத் தொடுவதும் உண்டு. யாவற்றினும் சிறியது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் கரைகளில் வாழும் சிறு பென்குவின். அதன் உயரம் ஓர் அடி அளவுகோலைச் சற்றே மிஞ்சும், ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். எடை ஒரு கிலோ. இவ்வளவு பெரிய வேறுபாடு ஏன்? அண்டா நிறையக் காய்ச்சிய வெந்நீர் நெடுநேரம் சூடாக இருக்கிறது. அதையே தம்ளரில் ஊற்றினால் விரைவில் ஆறிப்போகிறது. உடல் பெருக்கப் பெருக்க, அதன் கனத்தை நோக்க வெப்பம் வெளியேறும் பரப்புக் குறைகிறது. எனவே கடுங்குளிரில் வாழ்வதற்குப் பேருடலும், இளஞ்சூட்டுக் கரைகளில் வாழ்வதற்குச் சிற்றுடலும் ஏற்றவை.

பேரரசப் பென்குவினின் வாழ்க்கை கேட்போரை வியக்கச் செய்வது. உலகில் மற்றப் பறவைகள் பல இளவேனிலில் முட்டையிடுகின்றன. இதுவோ அண்டார்க்டிகாவின் குளிர்காலத் தொடக்கத்தில், உறைந்த கடலின் மேற்பரப்பில் முட்டையிடுகிறது. கூடில்லை, கூடு கட்டுவதற்குக் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. பெண்பறவை ஒரே ஒரு முட்டையை இட்டு, அதைக் கணவனின் பாதங்களுக்கு மாற்றிவிட்டு, இரை தேடிக் கடலுக்குப் போய்விடுகிறது. ஆண்பறவை வயிற்றின் மடிப்பால் முட்டையைப் போர்த்தி, ஏறக்குறைய 65 நாள் நின்றவாறே அடைகாக்கிறது. பூஜ்யத்திற்குக் கீழ் 40 டிகிரிக் குளிரில், சூறைக்காற்றில், இரவே பகலாகிய நாட்களில், ஆண்கள் நூற்றுக்கணக்காய் நெருங்கி ஒட்டி நிற்கின்றன. ஓரத்தில் நிற்பவை மெல்ல மெல்ல உள்ளே செல்லவும், உள்ளே இருப்பவை வெளிப்புறம் வரவும் கூட்டம் அசைந்துகொண்டே இருக்கிறது. கரைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிட்டால், அந்தத் தந்தை ஏறத்தாழ நான்கு மாதம் உண்ணாநோன்பு இருக்கிறது. உடல் எடையில் பாதியளவு கரைந்துவிடுகிறது.

இந்த முட்டைக்காக மனிதர் மூவர் உயிரைப் பணயம் வைத்த வரலாறும் உண்டு. பேரரசப் பென்குவினே பறவைகளுள் மிகப் பழமையானது, அதன் கருவை ஆராய்ந்தால் ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் இடையேயுள்ள தொடர்பு விளங்கும் என்று அக்காலத்தார் சிலர் நம்பினர். 1911-ஆம் ஆண்டு, ஸ்காட் தலைமையில் சென்ற குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி-காரார்ட் ஆகிய மூவர், தென்துருவக் குளிர்கால இருளில் ஐந்து வாரம் பயணம் செய்து கிரோசியர் முனையை அடைந்து மூன்று முட்டைகளைக் கொண்டுவந்தனர். வில்சனும் பவர்சும் மறு ஆண்டு ஸ்காட்டோடு துருவத்திலிருந்து திரும்பும் வழியில் மாண்டனர். முட்டைகளை இலண்டன் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தவர் செரி-காரார்ட். பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, அக்கருக்கள் எதிர்பார்த்த விடையைத் தரவில்லை. பேரரசப் பென்குவின் பறவைக் குலத்தின் முதற் பாட்டன் அன்று.

பேரரசனுக்கு மிக நெருங்கிய உறவு அரசப் பென்குவின். தோற்றத்தில் இரட்டையர் எனலாம். இதுவும் முட்டையைப் பாதத்தில் ஏந்துகிறது. ஆனால் இது உறைபனிமீது வாழ்வதில்லை; தென்கடலின் குளிர்ந்த தீவுகளின் மண்ணில் வாழ்கிறது. குஞ்சை வளர்த்து ஆளாக்க ஓராண்டு போதாது. 14 மாதத்துக்கும் மேலாகிறது. எனவே மூன்றாண்டுகளில் இரண்டு குஞ்சுகளுக்கு மேல் வளர்க்க இயலாது. பழுப்பு நிறக் கம்பளி போர்த்தாற்போன்ற அதன் குஞ்சைக் கண்ட பழைய பயணிகள், அதனைத் தனியோர் இனம் என்றே எழுதி வைத்தனராம். நாம் மூன்று இனங்களை ஒன்றாக்கினோம். அவர்கள் ஓர் இனத்தை இரண்டாக்கினர். பிழை எவர்க்கும் இயல்பே!

அடுத்து வருபவை நடுத்தர உருவமுள்ள மூன்று உடன்பிறப்புகள்: அடேலி, தாடைவார், ஜென்டூ. கல்லால் கூடு கட்டுபவை இவையே. அடேலிக்கு அப்பெயர், 1840-இல் அண்டார்க்டிகாவைக் கண்ட பிரெஞ்சுத் தளபதி டூமோன் டூர்வில்லின் மனைவியின் பெயரிலிருந்து வந்தது. கூட்டுக்குரிய நல்ல கல் அங்கே அரிய பொருள். ஆதலின், அண்டைவீட்டார் பாராத நேரத்தில் ஒரு கல்லை எடுத்துவந்து தன் கூட்டில் வைத்துக்கொள்வது அடேலிகளிடையே நாள்தோறும் நடக்கும் திருட்டு. தாடைவார்ப் பென்குவினுக்கு மோவாயின் கீழே தலைக்கவசத்தின் வார் போன்ற கருங்கோடு உண்டு. குஞ்சு காக்கும் காலத்தில் அது உறங்கும் முறையை 2023-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு விளக்கிற்று. ஒருமுறை கண்ணயர்வது சராசரி நான்கு விநாடி. நாளொன்றுக்குப் பதினாயிரம் முறைக்கு மேல். இவ்வாறு துளித்துளியாகச் சேரும் உறக்கம் 11 மணி நேரத்துக்கு மேலாகிறது. கூட்டைக் கவரவரும் பறவையும், இடம் பிடிக்கவரும் அண்டைவீட்டாரும் உள்ளவரை, பெற்றோர்க்கு நீண்ட உறக்கம் ஏது?

ஜென்டூவின் பெயர் நமக்குச் சற்று அண்மையானது. பழைய நாளில் ஆங்கிலேயர் இந்தியாவின் இந்துக்களை ஜென்டூ என்று குறித்தனர்; சென்னைப் பட்டணத்தில் தெலுங்கு மொழிக்கும் அதுவே பெயர். அப்பறவையின் தலையில் கண்ணுக்குக் கண் ஓடும் வெள்ளைப் பட்டையைத் தலைப்பாகையாக எண்ணி இப்பெயரை இட்டனர் என்று கருதுவோர் உளர். இது மெய்யாயின், பலரை ஒரு பெயரில் அடக்கிய பழைய வழக்கம் கப்பலேறித் தென்துருவம் வரை சென்றிருக்கிறது! ஜென்டூ பென்குவின்களுள் மிக விரைவாக நீந்துவது; மணிக்கு ஏறக்குறைய 36 கிலோமீட்டர் வேகம்.

இனித் தென்கடல் தீவுகளின் கொண்டைப் பென்குவின்கள். மஞ்சள் இறகுக் கொண்டையும் செந்நிறக் கண்ணுமாக இவை விழாவுக்குப் புறப்பட்டவை போலத் தோன்றும். 18-ஆம் நூற்றாண்டில் ஆடம்பர உடையணிந்த ஆங்கில இளைஞரை மக்கரோனி என்று கேலி செய்தனர். அப்பெயரே ஓர் இனத்துக்கு அமைந்துவிட்டது. இவை இரண்டு முட்டையிடும். முதல் முட்டை சிறியது, அடுத்தது பெரியது. பெரும்பாலும் பெரிய முட்டையின் குஞ்சே பிழைக்கிறது. இவற்றுக்கு நேர்மாறானது நியூசிலாந்தின் மஞ்சட்கண் பென்குவின். கூட்டம் அதற்குப் பிடிக்காது. கரையோரக் காட்டில், ஓர் இணையின் கண்ணுக்கு மற்றோர் இணை படாதவாறு, புதர்களின் அடியில் கூடமைத்து வாழ்கிறது.

பென்குவின் என்றாலே பனிக்கட்டி என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. மும்பையில் வாழும் நேயர்கள் பைகுல்லாவில் உள்ள விலங்குக் காட்சிச்சாலையில் பென்குவின்களைக் கண்டிருப்பீர்கள். 2016-ஆம் ஆண்டு தென்கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை அவற்றின் முன்னோர். பனி எங்கே என்று குழந்தைகள் கேட்டிருப்பார்கள். அவை ஹம்போல்ட் பென்குவின்கள். பெரு, சிலி ஆகிய நாடுகளின் வறண்ட கரைக்கு உரியவை. தாய்நாட்டிலும் பனியைக் காணாதவை! அவ்வினத்துக்கு உடன்பிறப்புகள் மூன்று: மகெல்லன், ஆப்பிரிக்கப் பென்குவின், காலாபகோஸ் பென்குவின். கடைசியாகச் சொன்னது நிலநடுக்கோட்டிலேயே வாழ்கிறது. குளிர்ந்த நீரோட்டம் அத்தீவுகளைத் தழுவுவதால்தான் அங்கே அது வாழ முடிகிறது. அங்கே குளிரைத் தாங்குவது சிக்கல் அன்று. வெயிலைத் தாங்குவதே சிக்கல். துடுப்புச் சிறகுகளை விரித்துக் கால்களுக்கு நிழல் செய்கிறது, நாய்போல் இளைக்கிறது. இன்ன பருவத்தில்தான் முட்டையிடுவது என்ற நியதியும் அதற்கு இல்லை. மீன் மிகுந்த காலமே அதற்கு நல்ல காலம்.

இவ்வளவு வேறுபாடுகளையும் வேடிக்கைக்காக மட்டும் எடுத்துரைக்கவில்லை. ஒவ்வோர் இனமும் தன் வாழ்வை ஏதேனும் ஒன்றை நம்பி அமைத்திருக்கிறது. அந்த ஒன்று போனால் அது எவ்வாறு பிழைக்கும் என்பதே இன்றைய கேள்வி.

பேரரசப் பென்குவின் நம்பியிருப்பது கடலின் உறைபனியை. குஞ்சுகளுக்கு நீர்புகா இறகு முளைக்கும்வரை அப்பனி உடையாமல் இருக்க வேண்டும். ஹாலி விரிகுடாவில் அவ்வினத்தின் மிகப்பெரிய குடியிருப்புகளுள் ஒன்று இருந்தது. 2016 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அங்கே பனி காலத்துக்கு முன்பே உடைந்தமையால், குஞ்சுகள் ஏறக்குறைய முற்றிலும் அழிந்தன. 2022-இல் பெல்லிங்ஸ்ஹாசன் கடற்பகுதியில் ஐந்து குடியிருப்புகளுள் நான்கில் ஒரு குஞ்சேனும் பிழைத்ததாகத் தெரியவில்லை. நான்கு மாதம் உண்ணாமல் நின்ற தந்தையின் பொறுமையை வெல்லக் குளிரால் இயலவில்லை. சற்றே கூடிய வெப்பத்தால் இயன்றது.

அடேலியின் நிலை இடத்துக்கு இடம் மாறுகிறது. அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் பனி குறைந்து, நம் கடற்கரையோர் கூனி என்று கூறும் பொடி இறாலை ஒத்த கிரில் என்னும் உணவும் அருகியதால், அதன் தொகை வீழ்ந்தது. ஆனால் அதே தீபகற்பத்தின் மறுபுறத்தில், டேஞ்சர் தீவுகளில் ஏறத்தாழ 7,50,000 இணைகள் வாழ்வதாக 2018-இல் அறிவிக்கப்பட்டது. ஜென்டூவோ தெற்கு நோக்கிப் புதுப்புது இடங்களில் குடியேறிப் பெருகி வருகிறது. கிரில் கிடைக்காவிட்டால் மீன்; ஓரிடம் ஒவ்வாவிட்டால் அடுத்த இடம். ஒரே கடற்கரையில், ஒரே வெப்பம், தம்பிக்கு வாழ்வும் அண்ணனுக்குத் தாழ்வுமாக முடிகிறது. பென்குவின்கள் பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்று பொதுவாகக் கேட்பவர்க்கு விடை கூற இயலாமைக்குக் காரணம் இதுவே.

எல்லாவற்றினும் இடர் மிக்கது ஆப்பிரிக்கப் பென்குவின். அது தென்னாப்பிரிக்கா, நமீபியா நாடுகளின் கரையோரம் வாழ்வது, கழுதைபோல் கத்துவது. காலங்காலமாகச் சேர்ந்து இறுகிய பறவை எச்சத்தில் வளை தோண்டி, அந்த நிழலில் முட்டையிட்டு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மனிதர் அவ்வெச்சத்தை வயலுக்கு உரமாக வெட்டி எடுத்துச் சென்றனர். பறவை வெயிலில் நின்றது. அடுத்து முட்டைகளை உணவுக்காக இலட்சக்கணக்கில் அள்ளினர். அதன் பின்னர், அதன் உணவாகிய மத்தியும் நெத்திலியும் வலைகளுக்குப் போயின. எஞ்சியவை கடல் வெப்பம் மாறியதால் இடம் பெயர்ந்தன. 2024 அக்டோபரில் இவ்வினம் அற்றுப்போகும் பேரிடர்நிலையில் உள்ளதென அறிவிக்கப்பட்டது. எஞ்சியிருப்பவை 10,000 இணைகளுக்கும் குறைவே. 2025 மார்ச்சில், ஆறு குடியிருப்புகளைச் சுற்றி மத்தியும் நெத்திலியும் பிடிப்பதைத் தடுக்கும் ஏற்பாடு ஒன்று தென்னாப்பிரிக்க நீதிமன்ற ஆணையாயிற்று.

அவ்வினத்தைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கேப் டவுனுக்கு அண்மையில் 'டிரெஷர்' என்னும் சரக்குக் கப்பல் மூழ்கி, எண்ணெய் கடலில் பரவிற்று. ஏறக்குறைய 19,000 பென்குவின்கள் எண்ணெயில் தோய்ந்தன. தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு ஒவ்வொன்றாகக் கழுவினர். இன்னும் எண்ணெய் படாத பறவைகளை என்ன செய்வது? அவற்றைக் கூண்டுகளில் ஏற்றி, ஏறக்குறைய 800 கிலோமீட்டருக்கு அப்பால் கிழக்குக் கரையில் கொண்டுபோய்க் கடலில் விட்டனர். தத்தம் தீவுக்கு அவை நீந்தித் திரும்பிவிடும். அதற்கு ஆகும் இரண்டு மூன்று வாரத்துக்குள் இங்கே எண்ணெயை அகற்றிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. கணக்குப் பொய்க்கவில்லை. முன்பின் அறியாத கரையில் விடப்பட்ட பறவைகள் மேற்கு நோக்கி நீந்தின. தம் தீவைக் கண்டடைந்தன. பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு அந்தப் பயணத்தை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்தப் பறவைகளைக் காத்தது அன்பு மட்டும் அன்று, அறிவும் ஆகும். அவ்வினம் தன் தீவுக்கே மீளும் இயல்புடையது என்பதை அறிந்திருந்தமையால்தான் அந்த ஏற்பாடு பலித்தது. ஆப்பிரிக்கப் பறவைக்கு வேண்டுவது மீனும் நிழலும். அதையே பேரரசப் பென்குவினுக்குக் கொடுத்துப் பயன் இல்லை. அதற்கு வேண்டுவது உடையாத பனி. மஞ்சட்கண் பறவைக்கு வேண்டுவது கரையோரத்தில் ஒரு துண்டுக் காடு. பெயர் ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று என்று இருந்துவிட்டால், நம் மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை கடலிலும் நேர்ந்துவிடும். தாளில் நேர்ந்த பிழையை அழித்து எழுதலாம். கடலில் நேர்ந்தால் அழித்து எழுத இயலாது.

பெயரை மட்டும் விட்டுச்சென்ற வடகடற் பறவையை இப்போது மீண்டும் நினைவு கூர்வோம். 'பென்குவின்' என்னும் சொல் ஒருமுறை தன் பறவையை இழந்துவிட்டது. இரண்டாம் முறையும் அது பறவையில்லாத வெறுஞ்சொல்லாக நிற்க நேரக்கூடாது. அடுத்தமுறை ஒரு படத்திலோ காட்சிச்சாலையிலோ அப்பறவையைக் காணும்போது உங்கள் பிள்ளைகள் "அதோ, பென்குவின்" என்று கூவுவார்கள். அப்போது, "ஆம், எந்தப் பென்குவின்?" என்று அவர்களை ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, மனிதர்களையும் ஒரே சொல்லில் அடக்கிவிடாத பிள்ளையாக வளரும் என்பது நம் நம்பிக்கை.